சத்தம் கேட்காத வீட்டுக்குக் கொடுத்த கேடயம்

தலைவர் மாமா, நீங்கள் பொய் சொன்னீர்கள். என் அக்கா மாலதிக்குப் பேய் பிடிக்கவில்லை. அது உங்களுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, கோயில் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, பேய் என்று சொன்னீர்கள்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். போன மாதம் மலாக்காவில், பாயா ரும்புட்டில் ஒரு கல்யாண விருந்தில் அதே கதையை மறுபடி எடுத்தீர்கள். எங்கள் கோயிலில் அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஆனது, அம்மன்தான் காப்பாற்றினாள் என்று. உங்கள் மேசையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு கேட்டவர்களில் மாலதியின் மகளும் இருந்தாள். உங்களுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஓர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அது உன் அம்மாதான் என்று அவள் காதில் சொல்லிவிட்டார்.

அந்தப் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். வீட்டுக்கு வந்து என் அக்காவிடம், "எனக்கும் அப்படி வருமாம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

இந்தத் தொடரில் சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதச் சொல்லிச் சில வாசகர்கள் கேட்டார்கள். இந்த வாரம் வராது.

பொங்கல் விழா

தொண்ணூறுகளில் ஒரு பொங்கல். புக்கிட் காத்திலில் நாங்கள் குடியிருந்த தாமானின் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால், கால்வாய் ஓரமாக ஒரு சின்னக் கோயில். அன்று சாயங்காலம் அதன் முன்னால் கூடாரம் போட்டு, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது. நாற்காலியின் கால்கள் மண்ணில் இறங்கின. சாம்பிராணிப் புகையும் ஜெனரேட்டர் புகையும் கலந்து வந்தன.

அந்த வருடம் கோயில் குழு புதிதாக ஒன்று ஆரம்பித்தது. முன்மாதிரிக் குடும்பம் என்று ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்துக் கேடயம் கொடுப்பது. முதல் கேடயம் எங்கள் வீட்டுக்கு.

அப்பா பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டிருந்தார். அம்மா கல்யாணப் பட்டு கட்டியிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் அக்கா. எங்கே போனாலும் அக்காதான் நடுவில் உட்காருவாள். அது அவள் இடம். நான் ஓரத்தில்.

தலைவர் எங்களை மேடைக்கு அழைத்தார். அவர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு வரிசை தள்ளிக் குடியிருந்தவர், கோயில் குழுத் தலைவர். தாமானில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் தலைவர் மாமா. கேடயத்தை அப்பா கையில் கொடுத்து, போட்டோ எடுத்த பிறகு, மைக்கை அக்காவிடம் நீட்டினார்.

"ஒங்க வீட்டுல சண்டையே வர்றதில்ல. அது எப்புடி? அந்த ரகசியத்த எல்லாருக்கும் சொல்லும்மா."

அக்கா மைக்கை வாங்கினாள். அவள் என்ன சொன்னாள் என்பதற்கு முன்னால், எங்கள் வீட்டில் ஏன் சத்தம் கேட்காது என்பதைச் சொல்ல வேண்டும்.

கூரையைத் தொடாத சுவர்

நாங்கள் முதலில் லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். லயத்து வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகாது. மேலே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடைவெளி. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் வரிசை முழுக்க வாசனை. ஒரு வீட்டில் சண்டை வந்தால் வரிசை முழுக்க விஷயம் தெரியும்.

சண்டை ஓர் அளவுக்கு மேல் போனால் பக்கத்து வீட்டு பாக்கியம் அத்தை அகப்பையால் பலகையைத் தட்டும். "போதும்லா. காலைல பால் மரம் வெட்டப் போவணும்" என்று கத்தும். அதற்கப்புறம் சண்டை போட ஒரு மாதிரியாக இருக்கும். நிறுத்திவிடுவார்கள்.

நான் லயத்தைப் புகழவில்லை. அதே இடைவெளி வழியாக ஒரு பெண்ணை அவள் புருஷன் சம்சுச் சாராயம் குடித்துவிட்டு அடிக்கிற சத்தமும் வரும். அதற்கு யாரும் பலகையைத் தட்டியதில்லை. ஒருவர் வீட்டு மானம் அடுத்தவர் வீட்டில் காய்ந்துகொண்டிருக்கும். அப்பா அதை வெறுத்தார். பிள்ளைகள் பெரிசாகிறதற்குள் இங்கிருந்து போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

போனோம். அப்பாவுக்குத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை கிடைத்தது. அம்மா இன்னொரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். புக்கிட் காத்திலில் கல் வீடு. சுவர் கூரை வரைக்கும் இருந்தது. வந்த அன்றைக்கு அப்பா அந்தச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. சத்தமே வரவில்லை. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு மாலை

அடுத்து நான் சொல்வதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு வரவில்லை.

என் மாமா கல்யாணம் நடந்தது. அம்மாவின் தம்பி. அப்பா அந்த வீட்டுக்கு மூத்த மருமகன். மேடையில் முதல் மாலையும் வேட்டி துண்டும் மூத்த மருமகனுக்குப் போட வேண்டும். மைக்கில் பெயர் வாசித்தவர் யாரோ வெளியூர்க்காரர். இளைய மருமகனான என் சித்தப்பா பெயரை முதலில் வாசித்துவிட்டார். சித்தப்பாவும் யோசிக்காமல் ஏறிப்போய் மாலையை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

அப்பா சாப்பிடவில்லை. வெயிலில் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். வரும் வழியில் அம்மா, "ஒரு மாலதானே, அதுக்குப் போயி" என்றது.

அதற்கப்புறம் அப்பா அம்மாவிடம் பேசவில்லை. ஒரு வாரம் பேசாமல் இருப்பார் என்று அம்மா நினைத்தது. வாரம் போனதும் அம்மாவுக்கும் ரோஷம் வந்தது. அதுவும் பேச்சை நிறுத்தியது. நான் அப்போது தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்பு. நான் இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகும் அவர்கள் பேசவில்லை.

"அப்பாகிட்ட சொல்லு"

இவ்வளவு காலம் ஒரு வீட்டில் புருஷனும் பெண்சாதியும் பேசாமல் இருந்தால் தாமானில் யாருக்கும் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. காரணம் நம்முடைய மரியாதை.

நம் வீடுகளில் பெண்சாதி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளையைச் சாக்காக வைத்துத்தான் கூப்பிடுவார்கள். "மாலதி, அப்பாவ சாப்புட வரச் சொல்லு" என்றால், கேட்கிறவருக்கு அது அடக்கமான பெண் பேசுகிற பேச்சு. அப்பா எதிரிலேயே நிற்கிறார், அவரைப் பார்த்து அம்மா ஒரு வார்த்தை பேசி வருடங்கள் ஆயின என்பது வெளியே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? கோயில் குழுப் பெண்கள் அம்மாவை மற்ற பெண்களுக்கு உதாரணம் காட்டினார்கள். புருஷன் எதிரில் நின்று வாயாடுகிறாளா பாருங்கள் என்று.

வீட்டுக்குள் நடந்தது வேறு. எல்லாப் பேச்சும் அக்கா வழியாகத்தான். அரிசி வாங்குவது, தண்ணீர் பில் கட்டுவது, அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போவது. அது பரவாயில்லை. திட்டுவதும் அவள் வழியாகத்தான்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லு, அவ தம்பி வீட்டு வாசப்படிய மிதிச்சா திரும்பி இந்த வீட்டுக்கு வர வேணாம்" என்று அப்பா சொல்வார். அக்கா சமையல் கட்டுக்குப் போய், "இந்த வாரம் மாமா வீட்டுக்குப் போவ வேணாமாம்மா. மழையா இருக்காம்" என்பாள். அம்மா, "மழைய இவருதான் வர வைக்கிறாரான்னு கேளு" என்னும். அக்கா கூடத்துக்கு வந்து, "சரியாம்பா" என்பாள்.

நான் தரையில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டே இதைக் கேட்டிருக்கிறேன். வந்த சொல் ஒன்று, போன சொல் ஒன்று. கெட்ட சொல்லை எல்லாம் அவளே வைத்துக்கொண்டாள்.

ஒரு தடவை அப்பா இப்படிச் சொன்னார்: "ஒங்கம்மாகிட்ட சொல்லு, அவ வளத்த வளப்புலதான் இதுவும் இப்புடி ஊமக் கோட்டானா நிக்குது." இது என்று அவர் சொன்னது அக்காவை. அவளைப் பற்றிய வசையை அவளே கொண்டுபோக வேண்டும். அக்கா சமையல் கட்டு வாசல் வரைக்கும் போனாள். சட்டிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

பள்ளியின் கடைசிச் சோதனை எழுதுகிற ஐந்தாம் படிவம் வந்தபோது அவளுக்குப் புருவம் பாதி இல்லை. உட்கார்ந்த இடத்தில் ஒவ்வொரு முடியாகப் பிடுங்குவாள். அம்மா காலையில் அவள் புருவத்தில் மை எழுதிப் பள்ளிக்கு அனுப்பும். அப்பாவின் மோட்டார் சைக்கிள் தெரு முனையில் திரும்பும்போதே அவளுக்கு வயிற்று வலி வந்துவிடும். கேட்டைத் திறக்கிற சத்தத்தை வைத்து இன்றைக்கு என்ன மாதிரி நாள் என்று சொல்லிவிடுவாள். எனக்கு அந்த வித்தை வரவே இல்லை.

பள்ளியில் டீச்சர் "சாப்பிட்டாயா" என்று கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டாளாம். யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தேடுகிற மாதிரி திரும்பிப் பார்ப்பாளாம். அவளுடைய தோழி சொன்னது.

சொந்தக்காரர்கள் வயசுக் கோளாறு என்றார்கள். சோதனை பயம் என்றார்கள். அம்மா வேப்பிலையை அரைத்துக் கொடுத்தது.

தலைவர் வீட்டு வாசலில்

பொங்கலுக்குச் சில வாரங்கள் முன்னால், ஒரு மத்தியானம், அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். அம்மா கொடுத்தனுப்பியதாகச் சொல்வதற்கு ஒரு டப்பாவில் முறுக்கு எடுத்துக்கொண்டாள். அம்மா கொடுக்கவில்லை. அவளே எடுத்தாள்.

தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கார் கழுவிக்கொண்டிருந்தார். டப்பாவை வாங்கித் திண்டில் வைத்தார். சோப்புத் தண்ணீர் எங்கள் செருப்புக்கு அடியில் ஓடியது.

"மாமா, அப்பாவ அம்மாகிட்ட பேசச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"ஏன், சண்டையா?"

"இல்ல மாமா. பேசிக்கவே மாட்டாங்க. நாந்தான் சொல்லணும். எனக்கு முடியல."

அவர் குழாயை மூடினார். "அப்பா குடிக்கிறாரா?"

"இல்ல."

"அம்மாவ அடிக்கிறாரா?"

"இல்ல மாமா."

"அப்புறம் என்னலா ஒனக்குக் கஷ்டம்? எங்க வீட்டுலயும் ஒங்க மாமி ஒரு மாசம் பேசாம இருந்தா நான் தீ மிதிக்கிறேன்னு வேண்டியிருக்கேன்." சிரித்தார். அக்கா சிரிக்காததைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "இத வெளிய சொல்லாதம்மா. பொங்கலுக்கு ஒங்க குடும்பத்துக்குத்தான் ஷீல்டு. பேரு எழுதக் குடுத்தாச்சி."

நான் அங்கேதான் நின்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல.

அவர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நம் ஆட்களைப் பற்றிக் குடி, அடிதடி, குண்டர் கும்பல் என்றுதான் பேச்சு. குடிக்காத, கத்தாத, இரண்டு பிள்ளையும் படிக்கிற ஒரு வீட்டை மேடையில் ஏற்றிக் காட்ட அவர் ஆசைப்பட்டார். அது தப்பில்லை. அந்த வீட்டுப் பிள்ளையே வந்து முடியவில்லை என்று சொன்ன பிறகும் ஏற்றினார் பாருங்கள், அதுதான் தப்பு.

மைக்கில் சொன்னது

இப்போது மேடைக்கு வருகிறேன்.

ரகசியத்தைச் சொல்லு என்றார் தலைவர். அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். கத்தவில்லை. அழவில்லை. செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னாள்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லு, அவ மூஞ்சியப் பாக்கப் புடிக்காமதான் நான் நைட் ஷிப்டு கேட்டு வாங்கியிருக்கேன்.

"ஒங்கப்பாகிட்ட சொல்லு, ஒரு பூமாலைக்காகப் பொண்டாட்டிய விட்ட ஆம்பள இந்த மலாக்காவுலயே அவரு ஒருத்தருதான்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லு, அவ சமைச்சத நாய்கூட திங்காது.

"ஒங்கப்பாகிட்ட சொல்லு, புள்ளைங்க ரெண்டும் இல்லன்னா நான் என்னிக்கோ இந்த வீட்ட விட்டுப் போயிருப்பேன்."

இத்தனை வருடம் யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்ததை எல்லாம் வரிசையாகக் கொடுத்தாள். அப்பா சொன்னதை அப்பா குரலில், அம்மா சொன்னதை அம்மா குரலில். கேலிக்காக அப்படிச் செய்யவில்லை. அந்தச் சொற்கள் அவளிடம் அந்தக் குரலில்தான் இருந்தன.

கூட்டத்தில் முதலில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பதினேழு வயதுப் பெண் வாயிலிருந்து கனத்த ஆண் குரல் வந்தால் நம் கோயிலில் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. முன் வரிசையில் ஓர் அம்மா எழுந்து கும்பிட்டார்.

தலைவர் மைக்கைப் பிடுங்கினார். "யாரும் பயப்பட வேணாம். பொண்ணு மேல என்னமோ ஏறியிருக்கு. கொரலக் கேட்டீங்கல்ல? உருமி அடிங்கப்பா" என்றார்.

அடித்தார்கள். பூசாரி வேப்பிலையால் அவள் முகத்தில் அடித்தார். வாயில் திருநீறு போட்டார். அவள், "நான் மாலதி, நான் மாலதி" என்று சொன்னாள். பேய் அப்படித்தான் சொல்லும் என்றார்கள்.

என் அப்பாவும் அம்மாவும் அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. மகள் பேசியது தங்கள் பேச்சுதான் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பேய் பேசியதாக இருப்பது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கார் கதவருகே அப்பா என்னைப் பார்த்தார்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லு, பின்னால ஏறச் சொல்லு."

அன்றிலிருந்து அந்த வேலை எனக்கு வந்தது.

காஸ் முடிந்தது

அதற்கப்புறம் அக்கா பேசவே இல்லை. வாரா வாரம் லூபோக் சீனாப் பக்கம் ஒரு சாமியாடியிடம் கூட்டிப் போனார்கள். எலுமிச்சம்பழம், கயிறு, தகடு. சோதனை எழுதவில்லை. அவளைப் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் பள்ளியிலிருந்து ஒரு மலாய் டீச்சர் வீட்டுக்கே வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கண்டிப்பாகப் பேசினார். போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் அக்காவிடம் பேசிப் பார்த்துவிட்டு, பதில் வராததால், என்னைக் கூப்பிட்டு மலாயில் கேட்டார். வீட்டில் யார் யாரிடம் பேசுவார்கள் என்று. இத்தனை பேரில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் சொன்னேன்.

அவர் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து நீளமாகப் பேசவில்லை. மருந்து எழுதினார், அடிக்கடி வரச் சொன்னார், கூடவே இதையும் சொன்னார்: இனிமேல் எந்தப் பிள்ளை வழியாகவும் ஒருவருக்கொருவர் சேதி அனுப்பக் கூடாது. பேச வேண்டியிருந்தால் நேராகப் பேசுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள்.

சும்மா இருந்தார்கள். பல நாள் வீட்டில் ஒரு சொல் இல்லை. நானும் என் அறைக்குள்ளேயே இருந்தேன். பிறகு ஒரு நாள் காலையில் அடுப்பு அணைந்து போனது. அம்மா சமையல் கட்டில் நின்றது. கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா பழக்கத்தில் "மாலதி" என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டது.

"காஸ் முடிஞ்சிருச்சி" என்றது, அப்பாவைப் பார்த்து.

"கடையில சொல்லிட்டு வர்றேன்" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அறையில் படுத்திருந்த அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டாள்.

அப்பாவும் அம்மாவும் அதற்கப்புறம் அன்பாக வாழ்ந்தார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. காஸ், அரிசி, கரண்டு பில், சாவி. இதைத்தான் பேசிக்கொண்டார்கள். மாலை விஷயம் கடைசி வரை தீரவில்லை. ஆனால் அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. புருவம் வளர வருடம் ஆனது. பிந்திச் சோதனை எழுதினாள். இப்போது மலாக்கா டவுனில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறாள்.

பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால் நம் ஆட்கள் பிள்ளையின் தலையைத்தான் பார்க்கிறார்கள். படிப்பா, காதலா, காத்துக் கருப்பா என்று. வீட்டுக் கூடத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கே கத்தல் இல்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

பதில்

அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. ஒரு தடவை அக்காவிடம், "எங்க மேலதான் தப்பு" என்று சொன்னது. அந்தக் கணக்கு அவர்களுக்குள் முடிந்தது. நான் அதில் தலையிடவில்லை.

முடியாதது உங்களுடையது, தலைவர் மாமா. பேய் பிடித்த பெண் என்ற பெயரால் அக்காவுக்கு வந்த வரன்கள் நின்றன. கடைசியில் விஷயம் தெரிந்தே கட்டிக்கொண்ட ஒரு நல்ல மனுஷன் கிடைத்தார். இப்போது அந்தப் பெயரை அவள் மகளுக்குக் கொடுக்கிறீர்கள். அந்தப் பிள்ளை ஒரு மாதமாகக் கோயில் பக்கம் போக மாட்டேன் என்கிறாள். உருமிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள். தன் அம்மாவை ஒரு மாதிரிப் பார்க்கிறாள்.

இதை எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். "ஒன் பேர்ல எழுது. நான் சொன்னதா எழுதாத" என்றாள். என் பேரில்தான் எழுதுகிறேன்.

இரண்டு மூன்று பேரை வைத்து என்னிடம் சமாதானம் பேசாதீர்கள். என் வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள். பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன், உங்களுக்கு இந்தப் பக்கத்திலேயே இடம் தருவதாகச் சொன்னார். நீளமாக எழுத வேண்டியதில்லை. நீங்கள் கார் கழுவிக்கொண்டிருந்த அந்த மத்தியானம், பொங்கலுக்கு முன்னால், என் அக்கா உங்கள் வாசலில் வந்து நின்று உதவி கேட்டாளா, இல்லையா? உங்கள் பெயரைப் போட்டு, அந்தப் பிள்ளை படிக்கிற மாதிரி, எழுதுங்கள்.